உடலுள் வைக்கப்பட்ட பொருள்கள்: என்பு உள்வைப்புகளின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

அறிவியலின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒருவர் சிந்தித்தார், கண்டுபிடித்தார், உலகம் பயன்பெற்றது என்ற முறையில் அமைந்த அவ்வெழுத்துக்களில், அவர் கையாண்ட பொருள் எங்கிருந்து வந்தது, அதனை ஆக்கியோர் யாவர், எத்தேவை கருதி அது ஆக்கப்பட்டது, அது பிழைத்தபோது அதன் விலையைச் செலுத்தியோர் யாவர் என்னும் வினாக்கள் எழுவதில்லை. 1931 இல் இலண்டனில் நடைபெற்ற அனைத்துலக அறிவியல் வரலாற்று மாநாட்டில், சோவியத் அறிஞர் பொறிஸ் ஹெசன், நியூற்றனின் பௌதிகத்துக்கும் அக்காலக் கப்பலோட்டம், சுரங்கத்தொழில், பீரங்கிப்போர் ஆகியவற்றுக்குமிடையிலான தொடர்பை எடுத்துக்காட்டினார். அன்று தொட்டு மேற்கூறிய நோக்கு ஆட்டங்காணத் தொடங்கியது. ஜே. டி. பேர்ணல் 1954 இல் வெளியிட்ட ‘வரலாற்றில் அறிவியல்’ என்னும் பெருநூல் அவ்வழியை மேலும் விரிவுபடுத்தியது.

ஓர் இலக்கியப் படைப்பை அதன் காலத்து உற்பத்தி உறவுகளோடு இணைத்துக் காண்பது நமக்குப் பழகிய நெறியே. அந்நெறி ஏட்டில் எழுதப்பட்டவற்றுக்கு மாத்திரம் உரியதன்று. முறிந்த தொடையென்பினுள் வைக்கப்பட்ட ஓர் உலோகத் தகட்டினையும், தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாக வைக்கப்பட்ட ஒரு கிண்ணத்தினையும் அவ்வாறே வாசித்தல் இயலும். இவ்வகை உள்வைப்புகளுக்குப் பயன்பட்ட பொருள்களின் வரலாற்றை ஆராயுமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, இப்பொருள்களிற் பெரும்பாலானவை மனித உடலுக்கென ஆக்கப்பட்டவையல்ல. போருக்கும் ஆலைக்கும் என ஆக்கப்பட்டுப் பின்னர் உடலை வந்தடைந்தவை. இரண்டாவது, ‘உயிரிணக்கம்’ என இன்று கூறப்படும் பண்பு ஒரு பொருளுள் உறைந்து கிடக்கும் குணமன்று. அது ஓர் உறவு. மூன்றாவது, இத்துறையின் அறிவு பெருமளவுக்கு நோயாளரின் உடலில் நிகழ்ந்த தோல்விகளிலிருந்து பெறப்பட்டது. அத்தோல்வி பொது அறிவாக மாறுகின்றதா, அல்லது வணிக இரகசியமாகப் பூட்டிவைக்கப்படுகின்றதா என்பதனை உடைமை உறவுகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன.

2

முறிந்த என்பினைக் கம்பியாற் கட்டும் முயற்சி பழையதே. எனினும் கிருமியழிப்பு முறை நிலைபெறும்வரை, தோலைத் திறந்து என்பினைத் தொடுதல் நோயாளியைச் சாவுக்கு அண்மையிற் கொண்டு செல்வதாகவே இருந்தது. 1877 இல் ஜோசப் லிஸ்ரர் இலண்டனில், முறிந்த முழங்காற் சில்லினை வெள்ளிக் கம்பியால் இணைத்து, கிருமி நீக்கப்பட்ட சூழலில் அது இயலுமெனக் காட்டினார். கிருமியின் தடை நீங்கவே, உடலுக்குப் பொருந்தும் பொருள் எது என்னும் வினா முதன்முதலாகத் தெளிவாக எழுந்தது.

அவ்வினாவுக்குப் பேர்லின் நகரத்துச் சத்திரசிகிச்சையாளர் தெமிஸ்தோக்கிளிஸ் குளுக் 1890 இல் அளித்த விடை யானைத் தந்தமாகும். காசநோயால் அரிக்கப்பட்ட மூட்டுகளுக்குப் பதிலாகத் தந்தத்தாற் கடைந்த மூட்டுகளை அவர் பொருத்தினார். அவை சிறிது காலம் இயங்கின. நோய்த்தொற்றினாற் பின்னர் தோல்வியுற்றன. ஆபிரிக்காவைப் பங்கிடுவதற்கு ஐரோப்பிய வல்லரசுகள் கூடிய மாநாடு 1884-85 இல் நடைபெற்றதும் அதே பேர்லினிலேதான். பியானோக் கட்டைகளுக்கும் பில்லியட் பந்துகளுக்கும் ஐரோப்பியச் சந்தைகளிற் குவிந்த காலனித்துவப் பண்டமான தந்தம், சத்திரசிகிச்சையாளர் ஒருவரின் கைக்கு எட்டும் பொருளாகவும் இருந்தது. குளுக்கின் திறமையை இக்கூற்று குறைப்பதாகாது. ஒருவரது கற்பனை, அவரது காலம் அவர்முன் வைக்கும் பொருள்களின் எல்லைக்குள்ளேயே தொழிற்படுகின்றது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருக்கு முதன்மை பெற்றது. பிரித்தானியாவில் வில்லியம் ஆபத்நொட் லேன் பயன்படுத்திய உருக்குத் தகடுகள் உடலுள் அரிப்புற்றன. அமெரிக்காவில் 1912 இல் வில்லியம் ஷேமன் வனேடியம் கலந்த, உறுதிமிக்க தகடுகளையும் திருகாணிகளையும் அறிமுகஞ் செய்தார். ஷேமன் பிற்ஸ்பேக் நகரில் காணகி உருக்குக் கம்பனியின் தலைமைச் சத்திரசிகிச்சையாளராக விளங்கியவர். உருக்காலையில் என்பு முறிந்த தொழிலாளியின் உடலினுள், உருக்கே மருந்தாக மீண்டும் நுழைந்தது. எந்த உழைப்பு அவனது காலை முறித்ததோ, அவ்வுழைப்பின் விளைபொருளே அக்காலைத் தாங்கிநின்றது. தொழிலாளி விரைவில் வேலைக்குத் திரும்புதல் கம்பனிக்கும் தேவையாயிருந்தது. அதனால் அத்தகடு அவனுக்குப் பயன்படவில்லை என்று கூறிவிட முடியாது. பயனும் நலனும் இவ்வாறு ஒன்றுள் ஒன்றாகப் பின்னிக் கிடத்தலே இவ்வரலாற்றின் இயல்பு.

3

ஷேமனின் உருக்கும் உடலின் உவர்ப்பான திரவங்களில் அரிப்புற்றது. இதற்கு மாற்றாக வந்த கறையில் உருக்கின் பிறப்பும் ஆயுதச்சாலையோடு தொடர்புடையது. 1912 இல் ஜேர்மனியின் குறுப் நிறுவனத்தில் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த உருக்கு உருவாயிற்று. 1913 இல் ஷெபீல்டில் ஹரி பிறேளி துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தை ஆராய்ந்தபோது குரோமிய உருக்கின் அரிப்பெதிர்ப்பைக் கண்டார். 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்ட கலப்புலோகம் பின்னர் மருத்துவத்துள் நுழைந்தது. மொலிப்தினம் சேர்க்கப்பட்டும் காபனின் அளவு குறைக்கப்பட்டும் அது படிப்படியாகத் திருத்தமுற்றது. மேற்பரப்பிலே தானாக உருவாகும் மிக மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலமே இதன் காப்பு. படலம் கீறுண்டால் அது மீளவும் உருவாகும். ஆயின் தகடும் திருகாணியும் இடையறாது உராயும் இடங்களில் அக்காப்பு முழுமையானதன்று.

1930களில் பல் மருத்துவத் தேவைக்கென அமெரிக்காவில் விற்றாலியம் என்னும் கோபாற்று-குரோமியம்-மொலிப்தினக் கலப்புலோகம் உருவாக்கப்பட்டது. 1937 இல் வெனபிள், ஸ்ரக், பீச் ஆகிய மூவரும், வேறுபட்ட உலோகங்கள் உடலுள் ஒருங்கே வைக்கப்படுமிடத்து மின்பகுப்பு நிகழ்ந்து சுற்றியுள்ள என்பு அழிவதை விலங்குப் பரிசோதனைகளாற் காட்டினர். விற்றாலியம் அவ்வாறு தாக்குறாமை தெளிவாயிற்று. உடல் ஓர் உயிரற்ற கொள்கலனன்று, அது மின்னும் இரசாயனமும் இயங்கும் களம் என்ற உணர்வு இத்துறையில் வேரூன்றியமைக்கு இவ்வாய்வு பெருங் காரணமாகும்.

இதே காலப்பகுதியில் பொஸ்ரன் நகரில் ஸ்மித்-பீற்றர்சன் தேய்ந்த இடுப்பு மூட்டின் இரு பரப்புகளுக்குமிடையே ஒரு கிண்ணத்தை வைக்க முயன்றார். நோயாளி ஒருவரின் முதுகிலிருந்து எடுக்கப்பட்ட கண்ணாடித் துண்டினைச் சுற்றி வழவழப்பான சவ்வு படர்ந்திருந்தமை அவரது சிந்தனையைத் தூண்டியது. 1923 இல் அவர் கண்ணாடிக் கிண்ணத்தைப் பொருத்தினார், அது உடைந்தது. பின்னர் செலுலோயிட் வகைப் பொருள், பேக்கலைற்று, பைரெக்ஸ் கண்ணாடி என ஒவ்வொன்றாக முயன்றார். ஈற்றில், 1938 இல், தமது பல் வைத்தியரின் ஆலோசனைப்படி விற்றாலியத்தைக் கையாண்டு வெற்றி கண்டார். இப்பதினைந்தாண்டுப் பட்டியல் ஏறக்குறைய அக்காலக் கைத்தொழிலின் புதுப் பொருள்களின் பட்டியலாகவே உள்ளது. சந்தையில் எப்பொருள் தோன்றியதோ அப்பொருள் மூட்டினுள் சோதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பல்லுக்கென வந்த விற்றாலியம் விமான இயந்திரங்களின் சுழலி அலகுகளுக்குப் பயன்பட்டது. வாயிலிருந்து வானுக்கும், வானிலிருந்து உடலுக்குமாக இப்பொருள்கள் அலைந்தன.

4

இவ்வரலாற்றின் திருப்புமுனையாக ஜோன் சார்ண்லியின் பணி கொள்ளப்படுகின்றது. அப்பணி நிகழ்ந்த களம் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள றைற்றிங்டன் வைத்தியசாலை முன்னர் காசநோயாளருக்குரிய ஆரோக்கியநிலையமாக இருந்தது. நுண்ணுயிர்கொல்லி மருந்துகளின் வரவாற் காசநோய் தணிய, அங்கே கட்டில்கள் காலியாயின. 1948 இல் நிறுவப்பட்ட தேசிய சுகாதார சேவை, சிகிச்சையை நோயாளியின் பணப்பையிலிருந்து பிரித்திருந்தது. ஒரே வைத்தியசாலையில், ஒரே நோயுடைய பலருக்கு, ஒரே முறையிற் சிகிச்சை செய்து, அவர்களை ஆண்டுக்கணக்கிற் பின்தொடரும் வாய்ப்பு இவ்வாறு உருவாயிற்று.

பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்கள் 1946 முதல் அக்கிரிலிக்கினால் ஆக்கிய தொடையென்புத் தலையைப் பொருத்தி வந்தனர். அவ்வாறு பொருத்தப்பெற்ற ஒருவரின் மூட்டு கிறீச்சிட்டதனால் அவரது மனைவி அவரருகே இருக்க இயலாதிருந்த செய்தி சார்ண்லியைச் சிந்திக்கவைத்தது. உராய்வே அடிப்படைப் பிரச்சினை எனக் கண்ட அவர், உராய்வு மிகக் குறைந்த பொருளைத் தேடினார். 1938 இல் டூபொன் நிறுவனத்திற் கண்டுபிடிக்கப்பட்டு, அணுகுண்டுத் திட்டத்தில் அரிக்கும் யுரேனியச் சேர்வைகளைக் கையாளப் பயன்பட்ட தெப்லோன் அவருக்குக் கிடைத்தது. உலோகத் தலையையும் தெப்லோன் கிண்ணத்தையும் இணைத்து ஏறத்தாழ 300 நோயாளருக்குப் பொருத்தினார். தொடக்க விளைவுகள் வியக்கத்தக்கனவாயிருந்தன. நடக்க இயலாதோர் நடந்தனர். இரண்டு, மூன்று ஆண்டுகளுள் கிண்ணங்கள் தேய்ந்தன, தேய்ந்த துகள்களைச் சூழ்ந்து இழையங்கள் வீங்கின, என்பு கரைந்தது. வைத்த மூட்டுகளை மீண்டும் திறந்து அகற்ற வேண்டியதாயிற்று. சார்ண்லி தெப்லோன் துகள்களைத் தமது தொடையிலேயே செலுத்தி, அதன் விளைவை 1963 இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

மாற்றுப் பொருள் வந்த வழி மேலும் சிந்திக்கத்தக்கது. 1962 இல் ஒரு விற்பனைப் பிரதிநிதி, மிகையுயர் மூலக்கூற்று நிறையுடைய பொலியெதிலீன் துண்டொன்றை றைற்றிங்டனின் ஆய்வுகூடத்துக்குக் கொணர்ந்தார். ஜேர்மனியில் ஆக்கப்பட்ட அப்பிளாத்திக்கு, லங்காஷயரின் நெசவு இயந்திரங்களின் பற்சில்லுகளுக்குப் பயன்பட்டு வந்தது. அதனை நகத்தால் அழுத்திப் பார்த்த சார்ண்லி ஆர்வங்காட்டவில்லை. ஆயினும் அவரது தொழினுட்பவியலாளர் ஹரி கிறேவன் அதனைத் தாம் அமைத்த தேய்மானப் பொறியில் வைத்து ஓட்டினார். தெப்லோன் ஒருநாளிற் தேய்ந்த அளவுக்கு இது மூன்று வாரங்களிலும் தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அப்பொருளாலான கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றுவரை உலகெங்கும் பொருத்தப்படும் செயற்கை மூட்டுகளிற் பெரும்பாலானவற்றில் அப்பொருளின் வழிவந்த வடிவங்களே பயன்படுகின்றன. மேதையின் வரலாறு சார்ண்லியை நினைவு கூர்கின்றது, அது தவறன்று. ஆயின் பொறியை ஓடவிட்ட கையினை அவ்வரலாறு அடிக்குறிப்பிலேயே விட்டுவிடுகின்றது.

மூட்டினை என்போடு பிணைத்த அக்கிரிலிக் சீமெந்தும் பல் மருத்துவத்திலிருந்தே வந்தது. 1958 அளவில் மன்செஸ்ரர் பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டென்னிஸ் ஸ்மித் அதனைப் பரிந்துரைத்தார். சார்ண்லி பின்னர் கைக்கொண்ட கட்டுப்பாடும் குறிப்பிடத்தக்கது. தம்மிடம் பயிற்சி பெறாத சத்திரசிகிச்சையாளருக்குத் தமது மூட்டினை விற்க வேண்டாமென ஆக்கிய நிறுவனத்தைப் பல ஆண்டுகள் தடுத்துவைத்தார். இறந்தபின் மூட்டினை ஆய்வுக்குத் தருமாறு நோயாளரிடம் இணக்கமும் பெற்றார். முந்நூறு பேரின் துன்பம் இவ்வாறு ஒரு முறையியலாக மாறியது.

5

போர் இதற்குப் பின்னரும் இத்துறையை விட்டு நீங்கவில்லை. 1940இல் குறோல் காப்புரிமை பெற்ற முறையினால் தைத்தேனியம் பேரளவில் ஆக்கக்கூடியதாயிற்று. விமானங்களுக்கென அமைந்த, 6 வீதம் அலுமினியமும் 4 வீதம் வனேடியமும் கலந்த தைத்தேனியம் பின்னர் என்பு உள்வைப்புகளுக்கு வந்தது. சுவீடனில் பிறனெமார்க் 1950களில் முயலின் என்புள் வைத்த தைத்தேனியக் கூடுகளை அகற்ற முற்பட்டபோது அவை என்போடு ஒன்றியிருக்கக் கண்டார்; 1965 இல் அதனை மனிதருக்குப் பயன்படுத்தினார். வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படை அதிகாரி ஒருவர், 1967 இல், பேருந்துப் பயணமொன்றில் லரி ஹென்ச் என்னும் கண்ணாடியியல் ஆய்வாளரிடம், உடல் ஒதுக்காத பொருளொன்றை ஆக்கமுடியாதா என வினவினார். அதிலிருந்து 1969 இல் என்போடு பிணையும் கண்ணாடி பிறந்தது. உடலைச் சிதைக்கும் பொருள்களுக்கு வரையறையின்றிச் செலவிட்ட ஓர் அமைப்பு, சிதைந்த உடலைப் பேணும் பொருளை ஒரு பேருந்து உரையாடலின் வழி பெற்றமை அந்த அமைப்பின் முரண்பாட்டை நன்கு காட்டுகின்றது.

இக்கண்டுபிடிப்புகள் கருத்துநிலையிலும் ஒரு மாற்றத்தை ஏற்படுத்தின. தொடக்கத்தில் நல்ல உள்வைப்பு என்பது உடலோடு எவ்வித ஊடாட்டமும் கொள்ளாத ‘மந்தப் பொருள்’ எனக் கருதப்பட்டது. என்போடு பிணையும் கண்ணாடியும் தைத்தேனியமும் அக்கருத்தை உடைத்தன. 1987 இல் டேவிட் வில்லியம்ஸ் வெளியிட்ட, பலராலும் ஏற்கப்பட்ட வரைவிலக்கணம், குறித்த ஒரு பயன்பாட்டில், உடலின் தகுந்த எதிர்வினையோடு தொழிற்படும் ஆற்றலையே உயிரிணக்கம் எனக் கொண்டது. அஃதாவது, எந்தப் பொருளும் தன்னளவில் இணக்கமுடையதன்று. பொலியெதிலீன் திண்மமாக இருக்கையில் உடல் அதனைப் பொறுத்துக்கொள்கின்றது. நுண்துகளாக உதிருமிடத்து, அத்துகளை விழுங்கும் கலங்கள் தூண்டப்பெற்று என்பு கரைகின்றது. 1980களில் ‘சீமெந்து நோய்’ எனத் தவறாகப் பெயரிடப்பட்டதன் காரணம் பெருமளவுக்கு இத்துகள்களே எனப் பின்னர் தெளிவாயிற்று. உருக்கின் விறைப்பு என்பினதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு. எனவே பாரத்தை உருக்கே சுமக்க, வேலையிழந்த என்பு மெலிகின்றது. பண்டத்தின் பெறுமதி அப்பண்டத்துள் உறையும் இயற்கைக் குணமன்று, சமூக உறவே என மார்க்ஸ் கண்டதை அறிந்தோருக்கு, உயிரிணக்கமும் ஓர் உறவு என்பதனை உணர்வதில் இடர்ப்பாடு இராது.

6

உறவு எனக் கொண்டதும், அவ்வுறவில் யார் யார் பங்குகொள்கின்றனர் என்னும் வினா எழுகின்றது. பொருளும் இழையமும் மாத்திரமன்று. ஆக்கும் நிறுவனம், ஒப்புதலளிக்கும் அரசு, பொருத்தும் வைத்தியர், சுமக்கும் நோயாளி ஆகியோரும் அதிற் பங்காளரே.

பொலியெதிலீன் துகளின் தீங்கைத் தவிர்க்கும் நோக்குடன், உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டுகள் மீளவும் சந்தைக்கு வந்தன. அவற்றுள் ஜோன்சன் அண்ட் ஜோன்சனின் துணை நிறுவனமான டிபியூ 2003 முதல் விற்ற ஏ.எஸ்.ஆர். என்னும் கோபாற்று-குரோமிய மூட்டு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அமெரிக்காவில் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஒழுங்கின்படி, முன்னரே சந்தையிலுள்ள ஒரு சாதனத்துக்குக் கணிசமாக நிகரானது எனக் காட்டினால், நோயாளரிடையே புதிய பரிசோதனை நிகழ்த்தாமலே அனுமதி பெறலாம். இம்மூட்டு 2005 இல் அவ்வழியே அங்கு நுழைந்தது. உராய்வினால் வெளிப்பட்ட கோபாற்று, குரோமிய அயன்கள் குருதியிற் கலந்தன. மூட்டைச் சூழ்ந்த இழையங்கள் அழிந்தன. 2007 இலேயே அவுஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு மறுசத்திரசிகிச்சை வீதம் உயர்ந்திருப்பதைக் காட்டியது. உலகளாவிய மீளப்பெறல் 2010 ஓகஸ்ற் மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேரின் உடலுள் அது வைக்கப்பட்டாயிற்று. ஐந்தாண்டுகளுள் எட்டில் ஒருவருக்கு மறுசத்திரசிகிச்சை தேவைப்பட்டதெனப் பிரித்தானியத் தரவுகள் காட்டின. அமெரிக்க நோயாளருக்கு 2013 இல் சுமார் 250 கோடி டொலர் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. இந்தியாவில் அரசு குழு அமைத்து, 2018 இலேயே இழப்பீட்டுக்கான வழியை வகுத்தது. பொருளும் ஒன்று, காயமும் ஒன்று. நீதி வந்தடைந்த காலம் மாத்திரம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது.

சார்ண்லியின் தெப்லோனும் தோல்வியே, ஏ.எஸ்.ஆரும் தோல்வியே. ஆகவே பிழை நேராத ஒரு பொற்காலம் முன்னர் இருந்ததெனக் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. மூட்டு நோய் தாங்கொணா வேதனை தருவது. புதிய பொருளைச் சோதிக்காது விடுவதும் ஒரு தீங்கே. வேறுபாடு பிழை நேர்ந்தபின் நிகழ்ந்ததிலேயே உள்ளது. முன்னதில், ஒரே இடத்தில், பொதுநிதியில் இயங்கிய சேவை நோயாளரைத் தொடர்ந்து நோக்கி, தோல்வியைப் பகிரங்கப்படுத்தி, விற்பனையைக் கட்டுப்படுத்தியது. பின்னதில், நாடுகளெங்கும் சிதறிய நோயாளர் ஒருவரையொருவர் அறியார், தரவு நிறுவனத்திடம், விற்பனை முந்திற்று. எச்சரித்தது சந்தையன்று, பொதுப் பதிவேடேயாகும். சுவீடன் 1975 இல் முழங்காலுக்கும் 1979 இல் இடுப்புக்கும் இத்தகைய தேசியப் பதிவேடுகளைத் தொடங்கியது. எந்த மூட்டு, யாருக்கு, எப்போது வைக்கப்பட்டது, எப்போது அகற்றப்பட்டது என்னும் எளிய குறிப்புகளின் தொகுப்பே அது. உலோகவியலின் நுண்மைகளுக்கு நிகரான பங்கினை இவ்வெளிய ஏடு உயிர்காப்பில் ஆற்றியுள்ளது.

7

மேற்கூறியவற்றை ஒருசாரார் எந்திரப்பாங்காகப் பொருள்கொண்டு, மருத்துவப் பொருள்கள் யாவும் முதலாளித்துவத்தின் சூழ்ச்சி என முடிவு செய்தல் கூடும். அது பொருள்முதல்வாதமாகாது. தேய்ந்த மூட்டுடன் கட்டிலிற் கிடந்த முதிய தாயொருத்தி, செயற்கை மூட்டின் துணையால் எழுந்து அடுப்படிக்குச் செல்வது மனித விடுதலையின் ஒரு கூறே. கேள்வி, இவ்விடுதலை யாருக்குக் கிட்டுகின்றது, அதன் ஆபத்தை யார் சுமக்கின்றனர் என்பதே. 2017 ஓகஸ்ற் மாதத்தில் இந்திய அரசு முழங்கால் உள்வைப்புகளுக்கு உச்சவிலை விதித்தபோது, ஆக்கச் செலவுக்கும் நோயாளி செலுத்திய தொகைக்கும் இடையே எத்துணை இலாப அடுக்குகள் இருந்தன என்பது பொதுமன்றத்துக்கு வந்தது. இலங்கையில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் மருந்துகளோடு மருத்துவச் சாதனங்களையும் தன் வரம்புக்குட் கொணர்ந்தது. உள்வைப்புகளை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அனுமதிப் பத்திரம் மாத்திரம் போதுமானதன்று. வைக்கப்பட்டதைப் பின்தொடரும் பொது ஏடும், அதனைப் படிக்கும் உரிமையும் வேண்டும். தன் உடலினுள் இருப்பது எப்பொருள், எவர் ஆக்கியது என்பதனைத் தன் மொழியில் அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசும் தமிழ்ச் சங்கங்களுக்கு இதில் நேரடியான பணி உளது.

உயிரற்ற பொருளில் உறைந்து கிடப்பது இறந்த உழைப்பு என்பது மார்க்சின் கூற்று. உருக்காலைத் தொழிலாளியின் உழைப்பும், நெசவாலைக்கெனப் பிளாத்திக்கு ஆக்கியோரின் உழைப்பும், ஆய்வுகூடத்திற் பொறியை ஓட்டியவரின் உழைப்பும் ஓர் இடுப்பு மூட்டினுள் உறைந்துள்ளன. முந்நூறு பேரின் வேதனையும் தொண்ணூற்று மூவாயிரம் பேரின் வேதனையும் அதன் அறிவாக உள்ளுறைந்துள்ளன. இவ்வாறு பலராற் கூட்டாக ஈட்டப்பட்ட அறிவு, கூட்டு உடைமையாகப் பேணப்படுதலே நியாயம். ஒரு பொருள் உடலுக்கு இணங்குகின்றதா என்பதை ஆய்வுகூடம் சொல்லலாம். அப்பொருளை ஆக்கி, விற்று, வைக்கும் முறைமை மனிதருக்கு இணங்குகின்றதா என்பதைச் சமூகமே தீர்மானிக்க வேண்டும்.